இதயப் பிரிவுக்கு ஆள் தேவை

நீட் எழுதி, சீட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோகும் பிள்ளைகளுக்கு நம் ஊரில் ஒரு வருடம் இனாமாகக் கிடைக்கிறது. அதற்கு கேப் இயர் என்று பெயர். அந்த வருடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று தெருவில் போகிறவர், வருகிறவர், மீன் வாங்க வருகிறவர் எல்லோரும் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியது மட்டும் பிள்ளையின் பொறுப்பு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பத்தில் இருக்கும் பவானிக்கு இந்த வருடம் அப்படி ஒன்று கிடைத்தது. ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தாள். டாக்டராக ஆசைப்படுகிறவள் நோயாளியைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்தால் போதுமா என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் அவளுடைய அப்பா பூவராகவன். படகை மணலில் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரத்தக்குழாய் அடைப்பு, உடனே வந்து படுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "நான் படுத்தா படக யாரு இட்டுகினு போவான்?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. யார் சொன்னாலும் கேட்காத மனுஷன், மகள் வேலை பார்க்கும் இடமென்றால் வருவார். பவானிக்கு அது தெரியும்.

செங்கல்பட்டு – திருக்கழுக்குன்றம் சாலையில் வயல்களை நிரவிக் கட்டியிருந்த சர்வரட்சா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அந்தச் சமயம் பார்த்துப் பஸ் ஸ்டாப்பெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தது. ஆரம்பநிலைப் பணியாளர்கள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. பணி நிரந்தரம் ஆனவர்களின் பெற்றோருக்கு முழுச் சிகிச்சையும் இலவசம். கடைசி வரியைப் பவானி திரும்பத் திரும்பப் படித்தாள்.

நேர்முகத் தேர்வு நடத்தியவர் கோதண்டராமன். மனிதவள மேலாளர். மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகை அவரைவிடக் கொஞ்சம் அகலம்.

"நிதானமா யோசிச்சு பதில் சொல்லும்மா," என்றார். "அசையாம எவ்ளோ நேரம் படுத்திருப்பே?"

பொறுமையைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் பவானி. "எவ்ளோ நேரம் வேணா இருப்பேன் சார்."

"சுகர் இருக்கா?"

"இல்ல சார்."

"பி.பி.? வீசிங்? வலிப்பு?"

"ஒண்ணுமே இல்ல சார். நல்லா கீறேன்."

கோதண்டராமன் முகம் வாடிவிட்டது. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று கேட்டவர் மாதிரி உச்சுக்கொட்டினார். "வீட்ல யாருக்காவது?" என்று கடைசி நம்பிக்கையாகக் கேட்டார்.

"எங்க நைனாவுக்கு நெஞ்சு வலி வரும் சார். சட்டை நனையறாப்ல வேர்க்கும். எடது கை மரத்துப் பூடும். தாடை வரைக்கும் இழுக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? உனக்கு அனுபவம் இருக்கேம்மா. நாளைக்கே வந்து சேரு. இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச அன்னிக்கு வேலை நிரந்தரம்."

அப்பாவின் வலிக்கும் தன் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் யார்தான் அதையெல்லாம் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். "நைனா, வேலை பர்மனென்ட் ஆவட்டும், ஒன்ன அங்கதான் இட்டுகினு போவேன். நடுவுல வலிச்சாலும் நேரா அங்க வந்துடு. நான் இருப்பேன்." பூவராகவன் சரி என்றார். மகளுக்கு வேலை கிடைத்ததைக் குப்பத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போனார்.

சர்வரட்சாவைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. ஏழு மாடி, எல்லா மாடியிலும் குளிர்சாதனம், முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தரை. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, எந்த மாடி என்று இனிய குரலில் அறிவித்துவிட்டு, யாரும் ஏறாததால் கதவை மூடிக்கொண்டு போகும். வார்டு வார்டாகக் கட்டில்கள். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவரும் இருமவில்லை. பவானி தினமும் கட்டில்களைத் துடைத்தாள். யாரும் படுக்காத விரிப்பை எடுத்துவிட்டு வேறொரு விரிப்பை விரித்தாள்.

ஒரு நாள் சாலையில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். நெற்றியில் ரத்தம். வாசலில் இருந்த காவலாளி பதறாமல், பழக்கமாக, செங்கல்பட்டு இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டினார். பிறகு அவர்கள் நின்ற இடத்தில் விழுந்திருந்த ரத்தச் சொட்டைத் துடைக்கப் பவானியைக் கூப்பிட்டார். அவள் இந்த ஆஸ்பத்திரியில் பார்த்த முதல் ரத்தம் அது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் டீன் வாசுதேவன் இதைப் பற்றியே பேசினார். தினமும் காலையில் எல்லோரும் முன்கூடத்தில் நின்று, சேர்மன் படத்துக்கு முன் விளக்கேற்றி, நெஞ்சில் கை வைத்து நிறுவனத்தின் லட்சியத்தை ஆங்கிலத்தில் ஒப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு டீனின் உரை.

"நேற்று ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சிலர் வருத்தப்படுவதாகக் கேள்விப்பட்டேன்," என்றார் டீன். குரல் சாந்தமாக இருந்தது. "வருத்தம் நல்ல குணம். ஆனால் நாம் அறிவியல்பூர்வமாக யோசிக்க வேண்டும். உண்மையான நோயாளி உள்ளே வந்தால் இரண்டில் ஒன்று செய்வார். குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார், அல்லது செத்துப்போய்விடுவார். இரண்டுமே கட்டிலைக் காலி செய்கிற வேலை. கல்லூரிக்கு அனுமதி கொடுக்க டெல்லியிலிருந்து வருகிறவர்கள் இன்ஸ்பெக்‌ஷனில் காலிக் கட்டிலைப் பார்த்தால் நூற்றைம்பது மாணவர்களின் எம்.பி.பி.எஸ். கனவு என்ன ஆவது? ஒரு நோயாளிக்காக நூற்றைம்பது டாக்டர்களைக் கொல்லலாமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். பவானிக்கும் அந்தக் கனவு உண்டு என்பதால் அவளும் தட்டினாள். தட்டி முடித்த பிறகு உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் வேன்கள் வர ஆரம்பித்தன. உள்கிராமங்களிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். நடவு இல்லாதவர்கள், வலை காயப்போட்டவர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் பச்சை அங்கி, ஒரு வியாதி, மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். அன்றுதான் கோதண்டராமன் பவானியின் கையிலும் பச்சை அங்கியைக் கொடுத்தார்.

"இதயத்துல ஆள் பத்தலைம்மா. பதினாலாம் பெட் உன்னுது."

"சார், நான் வேலைக்கு வந்தவ."

"இதுதாம்மா வேலை. ஆரம்பநிலைன்னா படுக்கறதுதான். நல்லா படுத்தா அடுத்த வருஷம் உக்காரலாம். அப்புறம் நிக்கலாம். நானும் படிப்படியா வந்தவன்தான்." சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. "நீ ஒழுங்கா படுத்தா உங்கப்பாவுக்கு இங்கேயே வைத்தியம். அதை நெனச்சுக்கோ."

அவள் நினைத்துக்கொண்டாள். படுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த செல்லம்மா. பல கல்லூரிகள் பார்த்தவர். காய்ச்சலில் ஆரம்பித்து, எலும்பு முறிவில் சில வருடம் இருந்து, சிறுநீரகத்துக்கு உயர்ந்து, இப்போது இதயத்துக்கு வந்திருந்தார். இதற்குமேல் மூளைதான் பாக்கி.

"மொத தபாவா?" என்றார். "பயப்படாத கண்ணு. வெள்ளச் சட்டக்காரன் வந்தா மொனகு. கிட்ட வந்தா ஜாஸ்தி மொனகு. தொட்டா கண்ண மூடிக்கோ. அவ்ளோதான் தொழிலு."

ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு முனகல் என்று மாடிவாரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பவானிக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. அவள் அப்பாவை நினைத்துக்கொண்டாள். இடது கையை மடித்தாள், தாடையை இறுக்கினாள், மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். டீன் வாசுதேவன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "பிரமாதம். இந்தப் பெண்ணை வைத்தே வகுப்பு எடுக்கலாம்," என்றார். அன்று சாயங்காலம் பவானிக்கு அப்பா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் வலியைத் திருடி விற்றுவிட்டு வந்தது போலிருந்தது. எல்லாம் அவருக்காகத்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு சோறு போட்டாள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள். வாசலில் வாழைமரம், நாதஸ்வரம். ஆம்புலன்ஸுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். பாட்டரி இல்லாததால் நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள் என்பது ஆய்வுக்குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு மானிட்டர். அதில் இதயத்துடிப்பு ஏறி இறங்கி ஓடியது. எல்லா மானிட்டரிலும் ஒரே துடிப்பு. பென்டிரைவிலிருந்து ஓடுகிற துடிப்பு அது, தப்பே செய்யாது.

குழு கீழ்த்தளத்தில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையணைக்கு அடியில் இருந்த பவானியின் போன் அதிர்ந்தது. அப்பா.

"பவானி," என்றார். மூச்சு வாங்கியது. "வாசல்ல கீறேன். ஷேர் ஆட்டோல வந்தேன். உள்ள வுட மாட்டேன்றாங்கோ. எல்லாம் ரொம்பிப் பூடுச்சாம்."

அவள் அங்கியோடு ஓடினாள். கேஸுவால்டி படிக்கட்டில் பூவராகவன் உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதும் மகளின் உடையைப் பார்த்து, "இன்னாமே, யூனிபாரமா?" என்று கேட்டார்.

பின்னாலேயே கோதண்டராமன் வந்துவிட்டார். "பதினாலு காலியா கெடக்கு, நீ இங்க என்ன பண்றே? டீம் லிஃப்ட்ல ஏறப் போறாங்க."

"சார், எங்க நைனா. நெசமாவே வந்துடுச்சு சார். ஒரு டாக்டரக் கூப்புடுங்க."

"டாக்டர்ஸ் எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்காங்க. இதயத்துக்கு ஹெட்டா நிக்கறவரே காலையிலதான் நாவலூர்லேர்ந்து வந்தாரு. அவர் தோல் டாக்டரு. அவரைக் கூப்ட்டு என்ன பண்ணப் போறே?"

"வெளிய ஆம்புலன்ஸாவது கூப்புடறேன் சார்."

"வெளி ஆம்புலன்ஸ் உள்ள வந்தா நம்ம ஆம்புலன்ஸுக்கு என்னன்னு கேப்பாங்க. கேட்டுக்கு வெளியவே நிறுத்திடுவான்."

"அப்ப என் பெட்ல அவரப் படுக்க வைங்க. கால்ல வுழறேன் சார்."

கோதண்டராமன் பூவராகவனை முதல் தடவையாகப் பார்த்தார். தலை முதல் கால் வரை பார்த்தார். ஐம்பது வயது, கறுத்த உடம்பு, வியர்வை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "பதினெட்டு வயசுப் பொண்ணை ஹார்ட் பேஷண்டுன்னு காட்டறதுல எனக்கே கொஞ்சம் உறுத்தலாத்தான் இருந்துச்சு. இவர் பொருத்தமா இருக்காரு. ஏங்க, நடிக்க வருமா?"

பூவராகவனுக்குக் கேள்வி புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படியாகப் பூவராகவன் சர்வரட்சாவில் அனுமதிக்கப்பட்டார். அந்த ஆஸ்பத்திரியின் முதல் உள்நோயாளி அவர்தான், அது யாருக்கும் தெரியாது. பவானிக்கு அந்த நிமிஷமே பதவி உயர்வு. பச்சை அங்கியைக் கழற்றிவிட்டு நீலச் சட்டை போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். "டீம் போனதும் இவருக்கு ஒரு வழி பண்றேன். அதுவரைக்கும் ஏதாவது சொதப்புச்சு, உன் வேலை போச்சு," என்று கோதண்டராமன் காதோடு காதாகச் சொன்னார். பவானியின் காது இருந்தது கட்டிலுக்கு நேர் மேலே. பூவராகவன் அதைக் கேட்டார்.

குழு வந்தது. முனகல் எழுந்தது. செல்லம்மா அன்று உச்சத்தில் இருந்தார். அவர் முனகலைக் கேட்டுக் குழுவில் இருந்த ஒருவர் மாத்திரை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கட்டிலாகக் கடந்து வந்த குழுத் தலைவர் முகத்தில் கவலை தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்தால் அவருக்குச் சங்கடம். ஒரு குறைகூட எழுதாமல் போனால் கவர் வாங்கிவிட்டதாக டெல்லியில் பேசுவார்கள்.

பதினாலாம் கட்டிலுக்கு வந்தார். "என்னய்யா பண்ணுது உமக்கு?"

பூவராகவன் மகளைப் பார்த்தார். நீலச் சட்டையில் நின்றிருந்தாள். இவர்கள் ஆஸ்பத்திரி நன்றாக வைத்தியம் பார்க்கிறதா என்று கேட்க வந்த பெரிய அதிகாரிகள் என்பதுவரை அவருக்குப் புரிந்தது. நோவு இருக்கிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர், மகளுக்கு வேலை போய்விடும். அவ்வளவுதானே கணக்கு. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். சிரித்தார்.

"ஒண்ணும் இல்ல சார். வரும்போது கொஞ்சம் பேஜாராத்தான் இருந்துச்சு. இங்க சோக்கா பாத்துகிறாங்கோ. இப்ப ஜம்முனு கீறேன். ராத்திரிக்கே கடலுக்குப் போவலாம் போல கீது."

வார்டில் முனகல் நின்றுவிட்டது. மானிட்டரில் துடிப்பு அழகாக ஏறி இறங்கியது. குழுத் தலைவர் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"டீன் சார், மத்தவங்க எல்லாம் அசல். இந்த ஆள் போலி. உடனே இறக்குங்க. ரிப்போர்ட்ல இது ஒண்ணை மட்டும் குறையா எழுதிக்கறேன்."

"சார்," என்றாள் பவானி. "அவரு மட்டுந்தான் சார் அசலு. மத்த அல்லாரும் கூலிக்கு வந்தவங்க. நானும் கூலிக்குத்தான் படுத்திருந்தேன். எங்க நைனா எனக்காகப் பொய் சொல்றாரு. கையத் தொட்டுப் பாருங்க சார், சில்லுனு கீது. நீங்க டாக்டருதானே?"

குழுத் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் அனாட்டமிம்மா. உயிரோட இருக்கறவங்களைத் தொட்டு முப்பது வருஷமாச்சு."

டீன் வாசுதேவன் பவானியின் தோளில் பரிவோடு கை வைத்தார். "எங்கள் பணியாளர்கள் நோயாளிகளோடு எவ்வளவு ஒன்றிவிடுகிறார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்," என்று குழுவிடம் சொன்னார். குழு அதையும் குறித்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனது.

பவானி நீலச் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டாள். கோதண்டராமன் இரண்டு காவலாளிகளை வைத்துப் பூவராகவனை இறக்கினார். "இத்தனை போலியை வெச்சு இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் பண்ணிட்டேன். ஒரே ஒரு அசல், மானத்தை வாங்கிட்டானே," என்றார். ஆனாலும் விதி விதிதான், படுத்தவருக்குப் பொட்டலம் உண்டு. பூவராகவன் மடியில் ஒரு சாம்பார் சாதப் பொட்டலத்தை வைத்து, வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப நின்ற முதல் வேனின் கடைசி சீட்டில் உட்கார வைத்தார்கள். அவர் வந்த ஆட்டோ எப்போதோ போய்விட்டிருந்தது. பவானி ஏறி, அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். செல்லம்மா முன் சீட்டில் இருந்து எழுந்து வந்து அவர் நெஞ்சை நீவிவிட்டார்.

"அண்ணாத்த, வண்டிய செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு வுடுங்க," என்று கத்தினாள் பவானி. "கேட்ல ரைட்ல திரும்புனா பத்தே நிமிசம்."

டிரைவர் வெங்கடேசன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி சிரித்தார். "எனக்கு மாமல்லபுரம் ட்ரிப்பு. லெஃப்டு."

"நெசமாவே முடியலப்பா இவருக்கு," என்றார் செல்லம்மா. "ஒம் புள்ளைங்க மேல சத்தியமா."

"போன இன்ஸ்பெக்‌ஷனுக்கும் இதத்தான சொன்ன. ஒருத்திக்கு மூச்சு வுட முடியலன்ன. செங்கல்பட்டு பஜார்ல வுட்டா, அல்லாரும் துணிக்கடைல பூந்துட்டீங்கோ. சாய்ந்தரம் வரைக்கும் நான் வண்டில குந்திகினு இருந்தேன். ஓனரு என்னத்தான் கிழிச்சாரு."

அது உண்மை. செல்லம்மா பவானியைப் பார்த்தார், பூவராகவனைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். முனகினார். மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. வேனில் இருந்த அத்தனை பேரும் முனகினார்கள். சிறுநீரகம் முனகியது, எலும்பு முறிவு அலறியது, காய்ச்சல் அனத்தியது. கூலிக்கு முனகியபோது இவ்வளவு உயிரைக் கொடுத்து யாரும் முனகவில்லை. சிலர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பவானி அப்பாவின் கன்னத்தைத் தட்டித் தட்டி நைனா நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெங்கடேசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "இன்ஸ்பெக்‌ஷன்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் இன்னாத்துக்கு இந்த சத்தம்?" என்றார். "கடைசி சீட்டுல அந்த அண்ணாத்த மட்டும் எவ்ளோ மருவாதியா சும்மா கீறாரு பாருங்க. அவர மாதிரி வாங்க."

கேட் திறந்தது. வேன் இடப்பக்கம் திரும்பி மாமல்லபுரம் போகும் சாலையில் ஏறியது.